தலைமையாசிரியரின் தலைமைத் திறனை எப்படி மதிப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, இடையில் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பல பள்ளிகளுக்குப் போய்வந்து, கடைசியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவரை மதிப்பிட்டும் இருக்கிறேன், மதிப்பிடப்பட்டும் இருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், புதிதாகப் பதவி உயர்வு பெற்றவர்கள், தனியார் பள்ளித் தாளாளர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு எச்.எம். மாறினால் பள்ளிக்கூடம் நிஜமாகவே மாறுமா?

மாறும். "அந்த டீச்சர் எச்.எம்.-ஆ இருந்தப்போ ஸ்கூல் எப்படி இருந்துச்சு" என்று ஊரில் பேசுவதை எல்லாருமே கேட்டிருப்போம். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. அமெரிக்காவில் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் கிரிசம், எகலைட், லின்ட்சே ஆகிய மூவர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 100 தலைமையாசிரியர்களைத் திறமைப்படி வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து 25-ஆவது இடத்தில் இருப்பவரை எடுத்துவிட்டு 75-ஆவது இடத்தில் இருப்பவரை அந்தப் பள்ளிக்குப் போட்டால், ஒரே ஆண்டில் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் ஏறக்குறைய 3 மாதப் படிப்பைக் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நல்ல ஆசிரியரால் அவர் வகுப்புக்கு நன்மை. நல்ல தலைமையாசிரியரால் கிடைக்கும் நன்மை அந்தக் கட்டடத்தில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் இந்த மதிப்பீட்டை ஏனோதானோ என்று செய்யக் கூடாது என்கிறேன்.

பதிவேடுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்படியானால் நல்ல தலைமையாசிரியர்தானே?

நல்ல நிர்வாகி என்று சொல்லலாம். ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, வருகைப் பதிவேடு எல்லாம் சரியாக இருக்கத்தான் வேண்டும். அதில் கோளாறு இருந்தால் மற்றதைப் பேசவே முடியாது. ஆனால் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வருகிறவர், பள்ளியின் அலுவலகத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களாகவே காட்டியது. தலைமையாசிரியர் செய்கிற வேலைகளை 5 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மாணவர் கற்றலை எவ்வளவு உயர்த்துகிறது என்று கணக்கிட்டு ஓர் எண் கொடுத்தார்கள்; எண் பெரிதானால் விளைவும் பெரிது. ஒழுங்கும் பாதுகாப்பும் உள்ள சூழலை அமைப்பதற்கு 0.27. ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வழி செய்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பதற்கு 0.84, அதாவது 3 மடங்கு. "தானும் உட்கார்ந்து" என்பதுதான் இதில் முக்கியம். பயிற்சிக்கு ஆசிரியர்களை ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே) போட்டு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடுகிறவரை இந்த 0.84-இல் சேர்க்க முடியாது.

ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தத் தலைமையாசிரியை மேசையில் சாதாரண 80 பக்க நோட்டு ஒன்று இருந்தது. தினமும் ஏதாவது ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு 10 நிமிடம் உட்காருவார். அதன் பிறகு அந்த நோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதி ஆசிரியரிடம் கொடுப்பார். நான் புரட்டிய பக்கத்தில், பின்னம் நடத்திய 6-ஆம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்கு இப்படி எழுதியிருந்தார்: "கீழே உள்ள எண் பெரிசானா துண்டு ஏன் சின்னதாகுதுன்னு என் பக்கத்துல இருந்த பையனுக்குப் புரியல. நாளைக்குச் சப்பாத்தியை வெட்டிக் காட்டலாமா?" கீழே ஆசிரியர் கையெழுத்தில்: "காகிதத்தை மடிச்சுக் காட்டினேன் டீச்சர். நாலு பேருக்கு இன்னும் வரல." அதற்கும் கீழே மறுபடி தலைமையாசிரியை: "அந்த நாலு பேரை வியாழன் கடைசி பீரியட் என்கிட்ட அனுப்புங்க." எந்த அலுவலகமும் கேட்காத நோட்டு அது. அதில் தெரிந்த தலைமைத் திறனை ஆண்டாய்வுக் கோப்புகள் எதிலும் நான் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மதிப்பிட்டால் என்ன தவறு?

அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

நான் போன ஒரு பள்ளியில் அந்த ஆண்டு 100 விழுக்காடு. வாசலில் பிளக்ஸ், மாலை, இனிப்பு எல்லாம் நடந்தது. பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளமான ஈமிஸில் முந்தைய ஆண்டு ஜூன் மாத எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் 62 பேர் இருந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியலில், 51 பேர். நடுவில் 11 பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஊர் மாறிப் போனவர்கள் 3 பேர். மீதி 8 பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாதும்மா, ஏதாவது தொழில் கத்துக்கட்டும்" என்று சொல்லி டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பையனின் வீடு பள்ளிக்கு எதிர்த் தெருவிலேயே இருந்தது. தேர்வு நடக்கும்போது அவன் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பள்ளியின் 100-ஐயும், 62 பேரையும் தேர்வு எழுதவைத்து 55 பேரைத் தேர்ச்சி பெற வைத்த இன்னொரு பள்ளியின் 89-ஐயும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது அந்த 8 பிள்ளைகளுக்கு நாம் செய்கிற அநியாயம்.

அதனால் தேர்ச்சியைக் கேட்கும்போதே கூடவே மூன்றைக் கேளுங்கள். ஒன்பதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அந்தப் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள்? ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது? ஓராண்டு முழுக்கக் கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியின் கணக்கு மதிப்பெண்ணுக்கு எச்.எம்.-ஐக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அந்த ஓராண்டில் அவர் என்ன மாற்று ஏற்பாடு செய்தார் என்று கட்டாயம் கேட்கலாம்.

பள்ளிக்கு நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் கோலமும் பூங்கொத்தும்தான் கண்ணில் படும்.

நான் முதலில் தேடுவது, அன்றைக்கு விடுப்பில் இருக்கிற ஆசிரியரின் வகுப்பை. ஒரு பள்ளியின் தலைமை எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. முதல் பாடவேளை தொடங்கி 10 நிமிடத்தில் அந்த வகுப்பில் யாராவது நிற்கிறார்களா? சும்மா நிற்கிறாரா, ஏதாவது வேலை நடக்கிறதா? விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக யார் போகிறார் என்று எழுதும் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் எப்போதும் ஒரே இரண்டு மூன்று இளைய ஆசிரியர்கள் பெயர்தான் வருகிறதா, மூத்தவர்களும் வகுப்புக்குப் போகிறார்களா? தலைமையாசிரியர் பெயர் அதில் எங்காவது இருக்கிறதா? இந்த ஒரு நோட்டைப் பார்த்தால் நேர்மை, திட்டமிடல், ஆசிரியர்களோடு உள்ள உறவு எல்லாமே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் கழிப்பறை. சுத்தமாக இருக்கிறதா என்பதோடு சாவி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். ஆசிரியர் அறையில் ஆணியில் மாட்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு பெண் பிள்ளை எல்லார் முன்னாலும் வந்து கேட்டு வாங்கிப் போகிறாள் என்று அர்த்தம். பிறகு பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இதைக் கவனித்து மாற்றிய எச்.எம்.-களை எனக்குத் தெரியும். பத்து வருடமாக அதே ஆணியில் சாவி தொங்கும் பள்ளிகளும் தெரியும்.

மதிய உணவு நேரத்தில் வரிசையில் நின்று பாருங்கள். பிள்ளைகள் தலைமையாசிரியரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்களா, ஓடி வந்து ஏதாவது சொல்கிறார்களா?

அப்புறம் அவரோடு உட்கார்ந்து பேசும்போது நான் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "உங்கள் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற 5 பிள்ளைகளின் பெயர் சொல்லுங்கள்." பெயரோடு "அவன் அப்பா திருப்பூர்ல இருக்காரு, பாட்டிகிட்ட வளர்றான்" என்றும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பாசிரியரைக் கூப்பிட மணியை அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கலாமா? பிடிக்காதவர்கள் பழிவாங்க மாட்டார்களா?

கேட்டே ஆக வேண்டும். ஒரு தலைமையாசிரியரை ஆண்டு முழுக்க, நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். தலைமையாசிரியர்களை மதிப்பிட பிலிப் ஹாலிங்கர் என்ற கல்வி ஆய்வாளர் 1980-களில் உருவாக்கிய பி.ஐ.எம்.ஆர்.எஸ். (PIMRS) கேள்வித்தாளில் 50 செயல்கள் இருக்கும். "இதை உங்கள் தலைமையாசிரியர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார்?" என்று கேட்டு, "ஏறக்குறைய ஒருபோதும் இல்லை" தொடங்கி "ஏறக்குறைய எப்போதும்" வரை 5 படிகளில் பதில் வாங்குவார்கள். அதைப் பல நாடுகளில் பயன்படுத்தியபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது: தலைமையாசிரியர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் ஆசிரியர்கள் போடுவதைவிடக் கூடுதலாக இருக்கும். என்னுடைய அனுபவமும் இதுதான். மாதம் ஒரு தடவை எல்லா வகுப்பையும் பார்ப்பதாக நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிவில் என் ஆசிரியை ஒருவர், "இந்த வருஷம் என் வகுப்புக்கு நீங்க ஒரு தடவைதான் சார் வந்தீங்க" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

பழிவாங்கும் பயத்துக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வால்-எட் மதிப்பீட்டில் 72 கூற்றுகள். தலைமையாசிரியர், அவருடைய மேலதிகாரி, அந்தப் பள்ளி ஆசிரியர்கள் அனைவர் என்று மூன்று தரப்பும் பதில் எழுதுகிறார்கள். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. மதிப்பெண் போடுவதற்கு முன்னால் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா, ஆவணத்தில் இருந்ததா?" என்று குறிக்க வேண்டும். ஆதாரமே இல்லை என்றால் அதையும் குறிக்கலாம். இப்படிக் கேட்டாலே கோபத்தில் எழுதுகிற கை கொஞ்சம் நிதானமாகிவிடும்.

"நல்லவரா, கண்டிப்பானவரா, அன்பானவரா" என்று குணத்தைக் கேட்காதீர்கள். "கடந்த 3 மாதத்தில் உங்கள் பாடம் பற்றி உங்களிடம் எத்தனை முறை பேசினார்?" என்று செயலைக் கேளுங்கள். ஆசிரியர்கள் 6, 7 பேருக்குக் கீழே உள்ள பள்ளியில் பெயர் போடாத தாள் என்பதற்கு அர்த்தமே இல்லை, கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே வெளியாள் ஒருவர் தனித்தனியாகப் பேசிக் கேட்பதே நல்லது.

ஷாலா சித்தியில் தலைமைத்துவம் வருகிறதா?

வருகிறது. 2015-இல் தேசிய அளவில் தொடங்கிய பள்ளித் தர மதிப்பீடு அது. இப்போது நீபா என்று அழைக்கப்படும் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் வடிவமைத்தது. மொத்தம் 7 புலங்கள், 46 அடிப்படைத் தரங்கள். அதில் ஒரு புலம் முழுக்கப் பள்ளித் தலைமையும் மேலாண்மையும் பற்றியது: நோக்கத்தை வகுத்து வழிகாட்டுதல், மாற்றத்தை முன்னெடுத்தல், கற்றல் கற்பித்தலுக்குத் தலைமை ஏற்றல், நிர்வாகத்தை நடத்துதல் என்று நான்கு தரங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிநிலைகள். சட்டகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் ஆசிரியர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் இரண்டாம் நிலை என்று கிளிக் செய்து முடித்துவிடுகிறார்.

அப்படியானால் மதிப்பீடு செய்வதால் என்ன பயன்?

மதிப்பீட்டோடு நிறுத்திவிட்டால் பயன் இல்லை. இதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விரிவான மதிப்பீடு செய்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தரநிலை கொடுத்து, அந்தப் பள்ளிக்கென்றே மேம்பாட்டுத் திட்டமும் எழுதினார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அதை ஆராய்ந்தார்கள். மதிப்பீடு ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் முடிந்திருந்தது. தரநிலைகளும் பள்ளியின் உண்மை நிலையை ஓரளவு சரியாகவே காட்டின. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலும் மாற்றம் இல்லை, பிள்ளைகள் கற்றலிலும் மாற்றம் இல்லை. அப்படியிருந்தும் அது வெற்றி என்று கருதப்பட்டு, நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டது.

இதைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. நான் நிரப்பிக் கொடுத்த எத்தனையோ படிவங்கள் நினைவுக்கு வந்தன. ஆண்டாய்வில் "ஆங்கில வாசிப்பு மேம்பட வேண்டும்" என்று எழுதிவிட்டு வருவோம். அடுத்த ஆண்டு இன்னொருவர் போய் அதே வரியை எழுதுவார். அந்த எச்.எம்.-க்கு ஆங்கில வாசிப்பை எப்படி மேம்படுத்துவது என்று யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டோம்.

அதனால் மதிப்பீடு செய்யப் போகிறவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை இது: 2 விஷயத்துக்கு மேல் எழுதாதீர்கள். அந்த இரண்டுக்கும் யார் உதவி செய்வார், எந்தத் தேதியில் திரும்பி வந்து பார்ப்பீர்கள் என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திரும்பி வர முடியாது என்றால் அந்த மதிப்பீட்டைத் தொடங்காதீர்கள்.

ஈராசிரியர் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரே அளவுகோலா?

கூடாது. ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர் 5 வகுப்புகளில் பாதியைத் தானே நடத்துகிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படியே தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் தனியாகத் தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியரிடம் "எத்தனை வகுப்புகளை உற்றுநோக்கினீர்கள்" என்று கேட்பது நியாயமே இல்லை. அவர் வகுப்பு எப்படி நடக்கிறது, கூட இருக்கும் ஒரே ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிடுகிறாரா, பெற்றோர் அவரை நம்புகிறார்களா என்று பார்த்தால் போதும்.

பொறுப்புத் தலைமையாசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணியிடம் காலியாகிப் பொறுப்பு பார்க்கிறவருக்குச் சொந்தப் பாடவேளையும் குறைவதில்லை, அதிகாரமும் முழுதாக இல்லை. அவர் பள்ளியை நிலைகுலையாமல் நடத்தினாலே பெரிய காரியம்.

பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் மதிப்பிட முடியுமா?

பாடம் நடத்துவதை மதிப்பிடுவது கடினம். ஆனால் பள்ளி அவர்களை எப்படி நடத்துகிறது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாரும் இல்லை. சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் அவர்கள் பேசுகிறார்களா, தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் போடுகிறார்களா என்று பாருங்கள். ஒரு குழுத் தலைவியிடம் கேட்டேன், "கடைசியாக நீங்கள் சொல்லி நடந்த விஷயம் எது?" என்று. "சாயங்காலம் கேட்டுல ரோட்டைக் கடக்கப் பயமா இருக்குன்னு சொன்னேன் சார். மறுநாள்லேர்ந்து எச்.எம். சாரே வந்து நிக்கிறாரு" என்றார். ஒரு வரியில் பதில் கிடைத்துவிட்டது.

மாணவர்களிடம் கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். "உனக்கு ஒரு கஷ்டம்னா இங்க யார்கிட்ட சொல்லுவ?" என்ற ஒன்றே போதும். பெரும்பாலான பிள்ளைகள் யாராவது ஒருவர் பெயரைச் சொன்னால் பள்ளி நல்ல கையில் இருக்கிறது.

பெண் தலைமையாசிரியர்களை மதிப்பிடும்போது தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

நம் சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆண் என்றால் "கண்டிப்பானவர்", பெண் என்றால் "சிடுசிடுப்பு" என்று ஒரே செயலுக்கு இரண்டு பெயர் எழுதிய அறிக்கைகளை என் கையால் திருத்தியிருக்கிறேன். செயலை மட்டும் எழுதச் சொன்னால் இந்தக் கோளாறு பெருமளவு குறைகிறது.

விருதுகள் சரியான அளவுகோலா?

அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது என்று தமிழ்நாட்டில் 100 தலைமையாசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பள்ளிக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். பணம் பள்ளிக்குப் போகிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விருதுக்கு விண்ணப்பம் தயாரிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு எப்போதும் இருக்கும். அந்த 80 பக்க நோட்டு வைத்திருந்த தலைமையாசிரியை கடைசிவரை எந்த விருதுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

புதிதாகப் பதவி ஏற்றவரை எப்போது மதிப்பிடலாம்?

ஓராண்டு விடுங்கள். பணிமூப்பில் பதவி உயர்வு பெற்று வருகிறவர் நேற்றுவரை வகுப்பில் நின்றவர். பில் போடுவது, ஊதியப் பட்டியல், ஈமிஸ் என்று முதல் ஆறு மாதம் அதிலேயே போய்விடும். அந்த ஓராண்டில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, பக்கத்துப் பள்ளியின் அனுபவமுள்ள எச்.எம். ஒருவரைத் துணைக்குக் கொடுங்கள்.

என்னை நானே மதிப்பிட்டுக்கொள்ள எங்கே தொடங்குவது?

இரண்டு வாரம் உங்கள் நேரத்தை எழுதிப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு தரம், அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு சொல்: "வகுப்பு", "ஆசிரியர்", "பிள்ளை", "பெற்றோர்", "போன்", "ஈமிஸ்", "அலுவலகம்". நான் முதல் தடவை எழுதியபோது 10 வேலை நாளில் "வகுப்பு" என்ற சொல் 4 இடத்தில்தான் இருந்தது. அடுத்த மாதம் தினமும் இரண்டாவது பாடவேளையில் போனை உதவித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு ஏதாவது ஒரு வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், "சார் வகுப்பில் இருக்கிறார், 40 நிமிடத்தில் கூப்பிடுவார்" என்று அவர் சொல்லிவிடுவார். அதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.